கொண்டை ஊசி வளைவில் வந்த வாந்தியா, தலையடியில் வந்த வாந்தியா?

போட்டி முடிந்து வேன் மலை இறங்கும்போது ஒரு பையன் வாந்தி எடுப்பது நீலகிரியில் யாருக்கும் செய்தியே இல்லை. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்வார்கள், ஜன்னலோரம் உட்கார வைப்பார்கள். பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டம்தான், ஆனாலும் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து எப்படியோ ஒரு கவர் வந்துவிடும். தலைவலி என்றால் பனி. சோர்ந்து தூங்கினால், விடியுமுன் எழுந்த களைப்பு. கேட்டதற்கு மந்தமாகப் பதில் சொன்னால், தோற்ற வருத்தம்.

மலையில் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் தயாராக இருக்கிறது. சிக்கலே அதுதான். வாந்தி, தலைவலி, தூக்கக் கலக்கம், மந்தம் ஆகிய நான்கும், தலையில் அடிபட்ட பிள்ளையிடம் நாம் தேட வேண்டிய அறிகுறிகள். இரண்டாம் பாதியில் பந்தைத் தலையால் முட்டப் போய், எதிரணிப் பையனோடு மண்டையில் மோதிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெளிக்கப்பட்டு, ஒரு வாய் குளுக்கோஸ் குடித்துவிட்டு மறுபடி ஆட இறங்கியவன்தான் இப்போது வாந்தி எடுக்கிறான் என்றால், வளைவின் மேல் பழி போட முடியாது. அடிபட்ட நிமிடத்தை யாரும் மனதில் வைத்திருக்கவில்லை என்றால், வேனில் யாருக்கும் சந்தேகம்கூட வராது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளை மண்டையோட்டோடு இறுக்கிப் பொருத்தப்பட்டதல்ல, நீரில் மிதந்தபடி இருக்கிறது. ஓடுகிற பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்வதுபோல, தலை திடீரென நின்றாலோ திரும்பினாலோ மூளை தன் போக்கில் கொஞ்சம் நகர்கிறது. பஸ் நேராக நிற்கும்போதைவிட வளைவில் வெட்டித் திரும்பும்போதுதான் ஆட்கள் நிலைகுலைவார்கள். மூளைக்கும் அப்படித்தான், சுழற்சிதான் அதிகம் கெடுக்கிறது. நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. இந்தப் பற்றாக்குறை சில நாட்களுக்கு நீடிக்கும். மருத்துவர்கள் கன்கஷன் என்று சொல்லும் மூளை அதிர்வு இதுதான்.

இதிலிருந்து சில விஷயங்கள் புரியும். தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்பதே இல்லை. கபடியில் பிடித்துத் தூக்கிப் போடும்போதோ, தோளில் பலமாக இடிபடும்போதோ கழுத்து வெட்டி ஆடினால் போதும். மயக்கம் வரவேண்டும் என்பதும் இல்லை. விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்வுகளில் பத்துக்கு ஒன்பதில் நினைவு தப்புவதில்லை. "அவன் மயங்கவே இல்லையே சார், உடனே எழுந்துட்டான்" என்பது எந்த மைதானத்திலும் கேட்கிற சமாதானம். அதற்கு மருத்துவ மதிப்பு அநேகமாக ஒன்றுமில்லை.

இன்னொரு சமாதானம், ஸ்கேன். பெற்றோர் பயந்துபோய் காசு செலவழித்து சி.டி. எடுக்கிறார்கள். நார்மல் என்று வருகிறது. அந்த ஒரு சொல்லோடு அடுத்த வாரம் பையன் மைதானத்தில் நிற்கிறான். சி.டி. ஸ்கேன் தேடுவது எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும். மூளை அதிர்வோ இழைகளின் வேலை கெடுவது, அது அந்தப் படத்தில் தெரியாது. நார்மல் ஸ்கேன் சொல்வதெல்லாம் "இப்போது அறுவை சிகிச்சை தேவைப்படும் கசிவு இல்லை" என்பதை மட்டும்தான். விளையாடலாம் என்று அது சொல்லவில்லை.

வீங்கினால் நல்லது, உள்ளே அடி இல்லை என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. ரத்தம் வெளியே வந்துவிட்டால் பயமில்லை என்பதும் அதன் தம்பிதான். வீக்கம் என்பது தோலுக்கும் எலும்புக்கும் இடையில் நடப்பது. எலும்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

அந்தப் பக்கம் நடக்கக்கூடியதில் மோசமானது ரத்தக்கசிவு. காதுக்கு மேலே, பொட்டுப் பக்கம் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே விரிசல் விட்டால் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கும். இதன் பொல்லாத குணம், இடையில் ஒரு தெளிவு வருவது. அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், டீ குடிப்பார், ஒன்றும் இல்லை என்பார். சில மணி நேரம் கழித்து நிலைமை தலைகீழாகும். 2009-ல் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி அறைக்குத் திரும்பி, இரண்டு நாளில் இறந்துபோனது இப்படித்தான். எல்லாத் தலையடியும் இப்படி ஆகாது, மிகச் சிலதான் ஆகும். ஆனால் அந்தச் சில மணி நேரத்தை நம் பிள்ளைகள் எங்கே கழிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மலைப்பாதையில், வேனில், கண்ணை மூடிக்கொண்டு.

மூளை அறுவை சிகிச்சை என்றால் நீலகிரியிலிருந்து பெரும்பாலும் கோவைக்குத்தான் போக வேண்டும். உதகையிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். மே மாத சீசனில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்கினாலும் நெரிசல் தீராது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பாதையே இருக்காது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு உதகையே ஒரு மலை தாண்டி இருக்கிறது. சமவெளியில் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்போம் என்பது ஓரளவு தாங்கும். இங்கே அந்த ஒரு மணி நேரத்தோடு பாதையின் மூன்று மணி நேரமும் சேரும். ஆகவே முடிவு வண்டி கிளம்பும் முன்பே, மைதானத்திலேயே எடுக்கப்பட வேண்டும்.

அறிகுறிகள் தாமதமாக வரும் என்பதற்கு நம் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் இருந்தபோது இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பவுன்சர் கழுத்தில் பட்டது. கீழே விழுந்தார். வெளியே போய், மருத்துவர் வைத்த சோதனைகளில் தேறி, திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள்தான் தலைவலியும் கிறக்கமும் தெரிந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதில் இறங்கிய லபுஷேன், டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். மூளை அதிர்வு ஏற்பட்டவருக்குப் பதில் இன்னொருவர் முழுமையாக ஆடலாம் என்ற அந்த விதி நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. லார்ட்ஸில் மருத்துவர் பார்த்தே அடுத்த நாள்தான் தெரிந்தது என்றால், எடப்பள்ளியிலோ மஞ்சூரிலோ பி.டி. மாஸ்டர் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து ஓ.கே. சொல்வதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

சரி, அடிபட்ட உடனே மைதானத்தில் என்ன கேட்கலாம்? ஆஸ்திரேலிய நரம்பு உளவியலாளர் டேவிட் மேடக்ஸ் அந்நாட்டுக்கே உரிய 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' ஃபுட்பால் வீரர்களை வைத்து 1990-களில் உருவாக்கிய ஐந்து கேள்விகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. "உன் பேர் என்ன, இது எத்தனை விரல்" என்பதெல்லாம் பலன் தராது. சொந்தப் பெயரை எவரும் லேசில் மறப்பதில்லை. அண்மையில் நடந்தது நினைவில் பதிந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊர் பாஷையில் கேட்டால் இப்படி வரும்:

"தம்பி, இது எந்த ஊர் கிரவுண்டு?"

"இப்ப ஃபர்ஸ்ட் ஆஃபா, செகண்ட் ஆஃபா?"

"கடைசி கோல் யார் போட்டது?"

"இதுக்கு முன்னாடி மேட்ச் யார்கூட ஆடினோம்?"

"அதுல ஜெயிச்சமா?"

சின்னப் பிள்ளைகளுக்கு இது ஒத்து வராது. அவர்களிடம், மதியச் சாப்பாடு ஆச்சா இல்லையா, கடைசியாக நடந்த பீரியட் என்ன, கிளாஸ் டீச்சர் பெயர் என்ன என்று கேட்கலாம். ஒரு பதில் தப்பினாலும் ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாலும், எழுந்தபோது கால் தடுமாறியதையோ வெறித்துப் பார்த்ததையோ யாராவது கண்டிருந்தால், அப்போதும் முடிந்ததுதான். பதில்கள் பிள்ளையை வெளியே எடுக்க உதவும், உள்ளே அனுப்புவதற்கான சீட்டு ஆகாது. விளையாட்டு மூளை அதிர்வு குறித்த சர்வதேச மருத்துவக் குழு 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, 2023-ல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: சந்தேகம் வந்தால் அன்று ஆடக் கூடாது. பத்து நிமிடம் கழித்துப் பார்ப்போம் என்பது அதில் இல்லை.

கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போதல், ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, வாந்தி, நேரம் ஆக ஆக மயங்குவது அல்லது முரண்டு பிடிப்பது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வேனுக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். கழுத்து வலிக்கிறது என்றாலோ, நினைவில்லாமல் கிடந்தாலோ நான்கு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கிப் போகக் கூடாது. நம் மைதானங்களில் முதலில் நடப்பது அந்தத் தூக்கல்தான்.

முதல் அடியைவிட எனக்குப் பயம் தருவது இரண்டாவது அடி. முதலாவது ஆறாதபோது இன்னொன்று பட்டால், அது லேசான அடியாக இருந்தாலும், மூளை கட்டுப்பாடின்றி வீங்கும் அபாயம் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் அதில் சிக்கியவர்கள் பெரும்பாலும் பதின்வயதினர். கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது மாணவி, பள்ளி ரக்பி அணியின் கேப்டன். 2013 மே மாதம் ஒரே வாரத்துக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டாள். தலைவலி இருந்தது. கன்கஷனாக இருக்குமோ என்று தோழிகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள், இணையத்தில் தேடியும் பார்த்திருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை. கடைசி ஆட்டத்தில் விழுந்தவள் பிறகு எழவில்லை. மரண விசாரணைக் குழு 49 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2018-ல் அவள் பெயரிலேயே ஒன்டாரியோ மாகாணம் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, 2006-ல் 13 வயதில் அடிபட்டு, மறுபடி களமிறங்கி, மூளை அறுவை சிகிச்சை வரை போன சாக்கரி லிஸ்டெட்டின் பெயரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009-ல் சட்டம் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அந்தச் சட்டத்தின் சாரம் சின்னது: சந்தேகம் வந்தால் வெளியே எடு, தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் உள்ளே விடாதே, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கு.

ரோவன் ஏன் சொல்லவில்லை என்று நம்மால் ஊகிக்க முடியும், நம் பிள்ளைகளும் அதற்காகத்தான் சொல்வதில்லை. குறுவட்டப் போட்டியில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு. தேயிலை பறிக்கிற அம்மாவின் மகனுக்கு அது சின்ன விஷயமில்லை. வேனில் வந்ததே பதின்மூன்று பேர், அதில் ஒருவனுக்குக் கால் சுளுக்கு. இந்த நிலையில் தலை சுற்றுகிறது என்று யார் வாயைத் திறப்பான்? பி.டி. மாஸ்டரையும் குறை சொல்லிப் பயனில்லை. பயிற்சியாளர், மேலாளர், முதலுதவிக்காரர், வேன் வாடகைக்குப் பொறுப்பாளர் எல்லாம் அவர் ஒருவரே. ஜெயிக்க வேண்டியவரும் அவர்தான், சிறந்த ஆட்டக்காரனை வெளியே எடுக்க வேண்டியவரும் அவர்தான். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. போட்டி நடத்துகிறவர்கள் அந்த அதிகாரத்தை நடுவரிடமோ, அன்று ஆடாத இன்னொரு பள்ளியின் ஆசிரியரிடமோ கொடுத்தால் செலவு எதுவும் இல்லை.

மாற்று ஆள் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. கன்கஷனுக்கென்று கூடுதலாக ஒரு மாற்று வீரரை அனுமதிக்கும் ஏற்பாட்டைக் கால்பந்து விதிகள் 2024 ஜூலை முதல் போட்டி நடத்துகிறவர்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. ஊர்க் கோப்பைப் போட்டிக்கும் இதை அறிவிப்பு நோட்டீஸிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடலாம். கேரளத்து மலப்புறத்துக் காற்று வீசும் கூடலூர்ப் பக்கத்துச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டங்களில் ஆள் குறைவு, இடம் குறுகல், மோதல் அதிகம். அங்கே இது இன்னும் தேவை.

தலையால் முட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 10 வயதுக்குட்பட்டவர்கள் பந்தைத் தலையால் ஆட அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-ல் தடை அறிவித்தது. 2020-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் ஹெடிங் வேண்டாம் என்றன. மெல்லிய கழுத்தின் மேல் உடம்புக்குப் பெரிதான தலை, அதுதான் காரணம். கழுத்துத் தசை வலுவாக இருந்தால் தலை அவ்வளவு வெட்டாது. பெண்கள் கால்பந்தில் மூளை அதிர்வு விகிதம் ஆண்களைவிடக் கூடுதலாகப் பதிவாவதற்கும் கழுத்து வலிமையை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அப்புறம், இங்கே மழையில் நனைந்து கனத்த பழைய பந்தை வைத்து கார்னர் பயிற்சி கொடுப்பது வழக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை நிறுத்துவதால் எந்த மெஸ்ஸியையும் நாம் இழந்துவிட மாட்டோம்.

நம் மைதானங்களின் அமைப்பு வேறு. சரிவை வெட்டிச் சமன்செய்த இடம் என்பதால் ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் பள்ளம், கோட்டை ஒட்டியே கல் கட்டு அல்லது மழைநீர்க் கால்வாய். எல்லைக்கோட்டுக்கும் கல் கட்டுக்கும் நடுவே இரண்டு எட்டுகூட இல்லாத மைதானங்கள் இருக்கின்றன. ஆடுகளத்தைக் கொஞ்சம் சுருக்கிக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டாலே போதும். யாரும் செய்வதில்லை, பெரிய கிரவுண்டு என்ற பெருமை போய்விடுமாம். தூக்கி வைக்கிற இரும்பு கோல் போஸ்ட்டைத் தரையோடு கட்டாமல் விட்டால் அது சாயும். அதில் தொங்கி விளையாடுகிறவர்கள் எப்போதும் சின்னப் பிள்ளைகள்தான். ஜனவரி காலையில் உறைபனி விழுந்த தரை கட்டாந்தரையாக இருக்கும். ஆட்டத்தை ஒன்பதரைக்குத் தள்ளினால் தரை கொஞ்சம் இளகும்.

ஹெல்மெட்டால் மண்டை உடைவது தடுக்கப்படும், மூளை அதிர்வு அவ்வளவாகத் தடுக்கப்படாது. அதற்காக வேண்டாம் என்றாகாது. 1998-ல் டாக்காவில் பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற இந்தியக் கிரிக்கெட் வீரர் ரமன் லம்பா, பந்து தலையில் பட்டு மூன்றே நாளில் இறந்தார். கார்க் பந்தில் ஆடும் பையன்கள் பேட்ஸ்மேனுக்கு மூக்கடியில் வெறுந்தலையோடு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர்தான் ஞாபகம் வருகிறது.

அடிபட்ட பிள்ளை எப்போது திரும்பி ஆடலாம்? முதல் ஓரிரு நாள் ஓய்வு. அதற்காக இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டாம், வீட்டுக்குள் நடமாடலாம். செல்போனைக் குறைக்க வேண்டும். பிறகு மெல்ல நடை, அப்புறம் ஓட்டம், பந்தோடு தனிப் பயிற்சி, மருத்துவர் பார்த்தபின் மோதல் உள்ள பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். முழு நேரம் வகுப்பில் உட்கார முடிகிறதா என்பது இதற்கெல்லாம் முந்திய சோதனை. பிள்ளைகளுக்குத் தேற நான்கு வாரம்வரை ஆகலாம். பிரிட்டன் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டல், 21 நாளுக்கு முன்பு போட்டியே வேண்டாம் என்கிறது. என்னைக் கேட்டால் மருத்துவர் எளிதில் கிடைக்காத நம் ஊருக்கு அந்த மூன்று வாரக் கணக்குதான் சரி. இன்னொன்றும் பார்க்க வேண்டும். மெல்ல நடை என்று புத்தகம் சொல்வது சமதரையை. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து பள்ளிக்கு இருநூறு படி ஏறி இறங்குகிற பிள்ளைக்கு அந்த நடையே கடும் பயிற்சி. முதல் வாரம் யாராவது பைக்கில் கொண்டுபோய் விட்டால் நல்லது.

இரவு தூங்க விடாமல் உலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பழைய பேச்சு. மருத்துவர் பார்த்து அனுப்பியபின் தூக்கம் நல்லதே. ஆனால் கூட ஒருவர் படுக்க வேண்டும், எழுப்பினால் எழுகிறானா என்று தெரிய வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் முதல் ஓரிரு நாள் வேண்டாம். இவற்றையும் அபாய அறிகுறிகளையும், எத்தனை மணிக்கு எப்படி அடிபட்டது என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிப் பையன் கையில் கொடுத்தனுப்பலாம். அம்மாவும் அப்பாவும் மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் இருக்கப்போவது பாட்டி. தாளைப் படித்துக் காட்ட வேண்டியது அவருக்குத்தான். 108-க்கு வழி சொல்ல எஸ்டேட் பெயர் மட்டும் போதாது, எந்த டிவிஷன், வண்டி எதுவரை வரும் என்பதையும் அதே தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.